'நாட் ஃபார் பால்' - வாசகர் கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்தது, அவரும் போன மாதம் தவறிவிட்டார். குழலில் பாம்புத்தோல் மாதிரி வரிகள், அடியில் 'நாட் ஃபார் பால்' என்ற எழுத்து. பன்னிரண்டு 'போர்' (bore) அளவுத் தோட்டா சரியாக உள்ளே போகிறது. பழம்பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே? தீபாவளிக்கு ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள்.

பாலக்கோட்டில் ஒரு பெரியவர் இதே எழுத்தைப் படித்துவிட்டு, "பால் கறக்கிற இடத்துல இதை வைக்கக் கூடாது போல" என்றார், கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த 'பால்' ஆங்கில 'ball', ஒற்றை ஈயக்குண்டு. குழலின் வாய் சற்றுக் குறுகலானது, பொடி ஈயக்குண்டுகளான ரவை மட்டும் போடு, முழுக்குண்டு போடாதே என்று அர்த்தம். இங்கிலாந்தின் துப்பாக்கிச் சோதனைச்சாலைகள் இதைப் பொறித்தது 1875 முதல் 1887 வரைதான். ஆக வயது தெரிந்துவிட்டது. கூடவே அந்தக் குழலைச் சோதித்தது கருமருந்து என்ற பழைய வெடிமருந்து போட்டுத்தான் என்பதும் தெரிந்துவிட்டது, பின்னால் மறுசோதனை செய்த முத்திரை இருந்தாலொழிய இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டா அதற்கு ஆகாது. அந்தப் பாம்புத்தோல் வரி, இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பட்டையாக்கி, கம்பியைச் சுற்றிச் சுருட்டி அடித்து ஒட்டியதால் வந்தது. பார்க்க அத்தனை அழகு, ஆனால் ஒட்டுக்குள் எங்கே துரு தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

அப்புறம், தோட்டா உள்ளே போகிறது என்பதை நம்பவே நம்பாதீர்கள். பழைய துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 65 மில்லிமீட்டர். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவும் மடித்த வாயோடு ஒழுங்காக உள்ளே போய்விடும், ஏனென்றால் அந்த அளவு சுட்டபின் வாய் விரிந்த நீளம். வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் குழல் தொடங்கும் குறுகலில் போய் அடைக்கும், அழுத்தம் எகிறும். இடது கை பிடித்திருப்பது அதற்குக் கொஞ்சம் முன்னால்தான்.

லைசென்ஸ் விஷயம்: ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45 பழம்பொருளுக்கு விலக்கு தருவது உண்மை, ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு மட்டும். உங்களுடையது சுடும். லைசென்ஸ்காரர் இறந்தபின் அதை வீட்டில் வைத்திருப்பதே தப்பு, அதுவும் யானைக்காட்டு ஓரத்தில், கேட்கவே வேண்டாம். உடனே காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், பிறகு வாரிசு என்று உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள்.

கொடுக்கும் முன் குழலடி முத்திரைகளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆசைதான், வேறென்ன.