30-க்கு 30 வாங்கினால் பாஸா?

கேள்வி: கரீபியனில் பார்படோஸ் என்று ஒரு குட்டித் தீவு. 2018 தேர்தலில் மொத்தமிருந்த 30 தொகுதிகளையும் ஒரே கட்சி அள்ளிவிட்டது. எதிர்க்கட்சியே இல்லை, கூச்சல் இல்லை, வெளிநடப்பு இல்லை. என்ன, அந்த ஊருக்கு அப்போது 26 அமைச்சர்களாம்! அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுக்கிற வீண்செலவு ஒன்றுதான் குறை. மற்றபடி இதுவல்லவா நிம்மதியான ஆட்சி?

பதில்: நீங்கள் குறை என்று சொன்னது சின்ன விஷயம். நிறை என்று சொன்னீர்களே, வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் சம்பளக் கணக்கை முடித்துவிடுவோம். 431 சதுர கிலோமீட்டர், மூன்று லட்சத்துக்கும் குறைவான ஜனம். அதற்கு 26 அமைச்சர்களா என்று அந்த ஊர்க்காரர்களே அன்றைக்குக் கேட்டார்கள். பல கைகள் சேர்ந்தால் பாரம் குறையும் என்கிற தோரணையில் பிரதமர் மியா மோட்லி பதில் சொன்னார். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. நாடு சின்னது என்பதற்காக வெளியுறவு வேண்டாம், சுகாதாரம் வேண்டாம், துறைமுகம் வேண்டாம் என்று விட்டுவிட முடியாதே. தவிர, அவர் பதவிக்கு வந்த நேரம் கஜானா காலி. பொறுப்பேற்ற ஒரு வாரத்திலேயே வெளிநாட்டுத் தனியார் கடன்காரர்களுக்குக் கொடுக்கவேண்டிய தவணையை நிறுத்திவைப்பதாக அறிவித்து, பன்னாட்டு நிதியத்தின் கதவைத் தட்டவேண்டி வந்தது. அந்தக் கடன் மலைக்கு முன்னால் கூடுதலான பத்து அமைச்சர்களின் சம்பளம் கடலில் கரைத்த பெருங்காயம்.

சரி, அப்போது எதுதான் தப்பு? அமைச்சரவை ஆட்சி என்பதன் அடிப்படையே இதுதான்: அமைச்சரவை அவைக்குக் கூட்டாகப் பதில் சொல்லவேண்டும். பார்படோஸ் அரசியல் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இதை எழுதியே வைத்திருக்கிறது. கூடவே, பிரதமரோடு குறைந்தது ஐந்து அமைச்சர்களாவது இருக்கவேண்டும் என்கிறது. அதிகபட்சம் எத்தனை? அதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1966-இல் சுதந்திரம் வாங்கியபோது, ஐந்து பேர் கிடைப்பார்களா என்றுதான் கவலைப்பட்டிருப்பார்கள் போல. 26 பேரில் சிலர் மேலவைக்காரர்கள்தான், ஆனாலும் கீழவையில் மிச்சமிருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் சபாநாயகரும் அடக்கம். பதில் சொல்லவேண்டியவர்களே கேள்வி கேட்கிற நாற்காலியையும் நிரப்பிவிட்டால் யார் யாருக்குப் பதில் சொல்வது? அமைச்சருக்கு மனதுக்குள் ஆயிரம் இருக்கலாம், அவையில் கூட்டு முடிவுக்கு எதிராகக் கை தூக்க முடியாது. தூக்கவேண்டுமென்றால் முதலில் ராஜினாமா எழுதவேண்டும்.

பதவி இல்லாத நாலு பேர் என்ன கிழித்துவிடுவார்கள் என்று கேட்பீர்கள். அதே பார்படோஸில் கிழித்தார்கள், ஐயா. 1991-இல் ஜனநாயகத் தொழிலாளர் கட்சி 28 இடங்களில் 18 பிடித்தது. பிரதமர் எர்ஸ்கின் சாண்டிஃபோர்ட். பொருளாதாரம் படுத்துவிட, அரசு ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டினார். தெருவில் ஊர்வலம், தொழிற்சங்கங்களின் கோபம், எல்லாம் நடந்தும் அரசு அசையவில்லை. 1994 ஜூனில் அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 14-க்கு 12 என்ற கணக்கில் தோற்றார். 1991-இல் எதிர்க்கட்சி ஜெயித்ததே வெறும் 10 இடம், மீதி வாக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் விலகாமல் அவையைக் கலைத்து, செப்டம்பரில் நடந்த தேர்தலில் கட்சியே ஆட்சியை இழந்தது. அடுத்து வந்த ஓவன் ஆர்தர் அரசு, அரசு ஊழியர் சம்பளத்தைக் குறைக்கவே முடியாதபடி அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டது (இது கொஞ்சம் அதிகப்படி என்பது என் கருத்து, அதை இன்னொரு நாள் பேசுவோம்).

அமைச்சரவைக்கு உள்ளேயே சண்டை போட்டுச் சரிசெய்துகொள்வார்கள் என்ற வாதமும் உண்டு. 2011 கடைசியில் பிரதமர் ஃப்ரூண்டல் ஸ்டூவர்ட்டின் தலைமைமேல் அதிருப்தியாகி, அமைச்சர்கள் உட்பட அவர் கட்சியின் 11 பேர் கடிதம் எழுதினார்கள். கடிதம் பத்திரிகைக்குக் கசிந்தது, ஊரே சிரித்தது, ஸ்டூவர்ட் அசையாமல் இருந்தார், 2013 தேர்தலில் 16-க்கு 14 என்று ஜெயித்தும் காட்டினார். அதோடு சரி. மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிற சண்டை இவ்வளவுதான் போகும். அதே ஸ்டூவர்ட்தான் 2018-இல் தன் தொகுதியையும் சேர்த்து எல்லாவற்றையும் தோற்றார்.

இப்போது நீங்கள் ரசித்த அந்த நிம்மதிக்கு வருவோம். எதிர்க்கட்சித் தலைவர் இல்லாவிட்டால் அங்கே கூச்சல் மட்டும் குறைவதில்லை. அரசின் வரவுசெலவைத் தணிக்கைக் கண்ணோடு பார்க்கிற பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். 21 பேர் கொண்ட மேலவையில் பிரதமர் சொல்லி 12 பேர், எதிர்க்கட்சித் தலைவர் சொல்லி 2 பேர், நாட்டுத் தலைவர் தாமாக 7 பேரை நியமிக்கவேண்டும். அரசியல் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 14 வாக்கு வேண்டும். அரசு கையில் 12. கீழவையை முழுசாக வாரிக்கொண்ட கட்சிக்கும் அங்கே இரண்டு குறைகிறது பாருங்கள். அந்த இரண்டு எதிர்க்கட்சி நாற்காலிகளை யார் நிரப்புவது?

தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே ஆளுங்கட்சியில் ஜெயித்த ஜோசப் ஆதர்லி என்ற பிஷப், எழுந்து எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஒற்றை ஆள், எதிரே 29 பேர். அமைச்சர் பதவி கிடைக்காத கோபம் என்று சிலர் பேசினார்கள், இருக்கட்டுமே. அவர் எழுந்துபோனதால்தான் கணக்குக் குழுவுக்குத் தலைவர் கிடைத்தார், மேலவைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கட்சி மாறினால் பதவி பறிபோகும் என்று அங்கே சட்டமிருந்திருந்தால் இதுவும் நடந்திருக்காது. கட்சித்தாவல் என்றாலே காறித் துப்புகிற நமக்கு இது ஜீரணமாகக் கஷ்டம்தான். எதிர்த்திசையில் தாவியவரும் உண்டு. 2006-இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கிளைட் மாஸ்கல் ஆளுங்கட்சிக்குப் போய் இணையமைச்சரானார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். ஒருவர் காலி நாற்காலியை நிரப்பினார், மற்றவர் காலி செய்தார்.

மக்களே எதிர்க்கட்சி வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2018-இல் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அந்தக் கட்சிக்கு வாக்களிக்கவில்லை. 2022-இல் அது பத்தில் மூன்று பேர் அளவுக்கு வந்தது, அப்போதும் 30-க்கு 30-தான். தொகுதிவாரித் தேர்தல் செய்கிற வேலை இது. பக்கத்திலுள்ள கிரெனடாவில் 1999, 2013, 2018 என்று மூன்று தடவை 15-க்கு 15. அங்கே 2018-க்கு அப்புறம் ஆளுங்கட்சியிலிருந்து ஒருவர்தான் எதிர்வரிசைக்கு வந்தார்.

பார்படோஸிலும் 2024 பிப்ரவரியில் அப்படியே. ரால்ஃப் தோர்ன் ஆளுங்கட்சியை விட்டு ஜனநாயகத் தொழிலாளர் கட்சிக்குப் போய் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த நாற்காலி அதுவரை இரண்டு வருஷமாகக் காலி. அந்த இரண்டு வருஷமும் உங்கள் கணக்கில் நிம்மதி.