அந்த அபராதத்தையும் எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: என் கணவர் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியன், நிரந்தர ஊழியர். மாமனாரின் சிறுநீரகச் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் அலைந்ததில் பேங்க் லோன், வட்டிக்கடன் எல்லாம் ஏறிப்போனது. அப்போது குடியும் சேர்ந்துகொண்டது. 2021-ல் குடித்துவிட்டு பைக் ஓட்டி மாட்டி, கோர்ட்டில் 10,000 ரூபாய் அபராதம் கட்டினார். பேங்க் போட்ட கேஸை போன வருடம் பேசி முடித்தோம். இரண்டு வருடமாகக் குடிப்பதில்லை. இப்போது பாதுகாப்பு மிகுந்த பிரிவுக்கு மாற்ற, புதிதாகச் சரிபார்ப்புப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். “ஃபைன் கட்டினதுதானே, எழுத வேண்டாம்” என்கிறார் கூட வேலை பார்ப்பவர். என்ன செய்ய?
— வாசகி, தக்கலை

பதில்: மகளே, அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். இப்படிப்பட்ட கோப்புகளைப் பார்த்தே என் சர்வீஸ் கழிந்தது. கைது, வழக்கு, தண்டனை என்று படிவம் கேட்கும் இடத்திலேயே அபராதத்தையும் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் கோர்ட் விதித்த அபராதம், குற்றம் உறுதியாகி வந்த தண்டனை. போலீஸ் பதிவில் அது இருக்கும். இவர் ‘இல்லை’ என்று எழுதி, போலீஸ் அறிக்கை ‘உண்டு’ என்று வந்தால், குடித்து ஓட்டினது பின்னால் போய்விடும். மறைத்ததுதான் முன்னால் நிற்கும். சின்ன அபராதத்தை மறைத்துவிட்டு நல்ல வேலைக்காரர்கள் தவித்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. உண்மையைச் சொன்னவரின் பின்னணியையும் நிர்வாகம் பரிசீலிக்கலாம். ஆகவே புதிய பிரிவு கிடைத்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிரந்தர ஊழியர் மறைத்தார் என்றே வைத்தாலும், துறை விசாரணை நடத்தாமல் வேலையைவிட்டு நீக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இரவில் தூங்குங்கள்.

கடன் விஷயத்தில்தான் இன்னும் கவனம் வேண்டும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ல் 17-வது விதிப்படி, கடனுக்காக வழக்கு வந்தால் உடனே மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். (உங்கள் நிறுவனத்துக்குத் தனி விதிகள் இருந்தால் அதையும் பாருங்கள்.) அப்போது கொடுத்தாரா? இல்லையென்றால் இப்போதாவது கொடுக்கட்டும். அந்தக் கடன் ஊதாரித்தனத்தாலோ கெட்ட பழக்கத்தாலோ வரவில்லை என்று காட்டும் பொறுப்பு ஊழியருடையது. குடியும் கடனும் ஒரே காலத்தில் வந்ததால் பார்ப்பவர் இரண்டையும் முடிச்சுப் போடுவார். அதனால் மாமனாரின் ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, லோன் வாங்கிய தேதி மூன்றையும் ஒன்றாக வைத்துக் கொடுங்கள். பில் தேதியும் லோன் தேதியும் அடுத்தடுத்து இருந்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

பேங்கில் கடன் முடிந்ததற்குக் கடிதம் வாங்கினீர்களா? குறைத்துப் பேசிக் கட்டியிருந்தால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றுதான் இருக்கும், ‘குளோஸ்டு’ என்று இருக்காது. எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். வட்டிக்காரரிடம் கொடுத்த புரோநோட்டும் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் திரும்பி வந்ததா? நம் ஊரில் அசலும் வட்டியும் கொடுத்தபிறகு இதைக் கேட்டு வாங்க மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு செக் போதும், நாளைக்கு செக் மோசடி என்று புதுக் கேஸ் வர.

குடியை விட்டதற்கு உங்கள் வாய்வார்த்தையைவிட டாக்டரின் எழுத்து பலம். சிகிச்சை எடுத்திருந்தால் அந்த ஓ.பி. சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். எடுக்கவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவில் காட்டட்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்பா படுக்கையில் கிடக்க, கடனோடு குடியையும் சுமந்தவர் அதை விட்டிருக்கிறார், பெரிய காரியம்.

சரி, படிவத்தில் அபராதத்தின் தேதி, கோர்ட், பிரிவு, தொகை எல்லாம் வரட்டும். கோர்ட் ரசீது தொலைந்திருந்தால் வக்கீல் மூலம் நகலுக்கு மனுப் போடுங்கள். அப்புறம், படிவம் கொடுத்தபின் புதிதாக வழக்கு ஏதும் வந்தால் அதையும் உடனே தெரிவிக்க வேண்டும். கொடுக்கும் காகிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கி, வீட்டில் உங்கள் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.