கிணற்று நீரில் அட்ரசின்: கருவி சொன்ன எண்ணை நம்பலாமா?

கேள்வி: எங்கள் கிணறு மக்காச்சோள வயலை ஒட்டி இருக்கிறது. ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) முறையில் இயங்கும் தானியங்கிக் கருவியில் தண்ணீரைச் சோதித்ததில், அட்ரசின் களைக்கொல்லி லிட்டருக்கு 0.15 மைக்ரோகிராம் என்று வந்தது. மாதிரி எடுத்துப் போன வடிகட்டி விற்பனை முகவரே உடனே வடிகட்டி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இந்த அளவு ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிநீர் வரம்பான 0.1-ஐத் தாண்டுகிறது. ஆனால் அமெரிக்க வரம்பு 3 மைக்ரோகிராம், அதில் இது இருபதில் ஒரு பங்குதான். முதலில் எண் உறுதியாகட்டும்.

சோதனைக் குழியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியைப் பிடிக்க, உங்கள் தண்ணீரில் உள்ள அட்ரசினும் சோதனைக்காகச் சேர்க்கும், நொதி கோத்த அட்ரசினும் முட்டி மோதும். நிறத்தை உண்டாக்குவது அந்த நொதிதான். கடைசியில் மஞ்சள் நிறம் வெளிறியிருந்தால் தண்ணீரில் மருந்து அதிகம் என்று அர்த்தம். சிக்கல் என்னவென்றால், அட்ரசினின் உறவுக்காரரான புரோபசின் என்ற களைக்கொல்லியும் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. தானியங்கி என்பதால் கை நடுக்கமும் நேரப் பிசகும் குறையும், அவ்வளவுதான்.

கிணற்றில் அண்மையில் பிளீச்சிங் பவுடர் போட்டீர்களா? இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். மீந்த குளோரின் நொதியைக் கெடுக்கும், நிறம் வெளிறும், இல்லாத மருந்து இருப்பதாக அறிக்கை வரும். மாதிரி எடுத்தவுடனே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் சேர்த்திருந்தால் இந்தப் பிழை வராது. சேர்த்தாரா என்று முகவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் விழிப்பார்.

வடிகட்டி விற்பவரிடம் மாதிரி எடுக்கும் வேலையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஆய்வகத்திலிருந்தே கருநிறக் கண்ணாடிப் புட்டி வாங்கி, நீங்களே நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) உறுதிசெய்யச் சொல்லுங்கள். அது அட்ரசினைத் தனியாகப் பிரித்து அடையாளம் காட்டும்.

எந்த மருந்தைத் தேடினார்கள், குறைந்தபட்சம் எவ்வளவு இருந்தால் தெரியும், வேறு எதற்கெல்லாம் அந்த ஆன்டிபாடி ஏமாறும்: இந்த மூன்று வரியை அறிக்கையில் அச்சிடுவதில் என்ன கஷ்டம்? எத்தனை முறை கேட்டும் வெறும் எண்ணைத்தான் நீட்டுகிறார்கள். ‘பூச்சிக்கொல்லி இல்லை’ என்று வரும் அறிக்கையும் இதே கதைதான். தேடாத மருந்து அதில் தெரியாது.

அட்ரசின் இருப்பது உறுதியானால் கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) வடிகட்டி போதும். கரியை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். அதுவரை கொதிக்க வைப்பதால் அட்ரசின் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.