வாசகர் கேள்வி – பதில்: லேடெக்கில் சிக்கினால் உதவி கேட்பது எப்படி?

(லேடெக் என்பது, உரையோடு கட்டளைகளையும் எழுதி ஓட்டினால் ஆய்வேடு, நூல் முதலியவற்றை அச்சுக்கோத்துத் தரும் கணினி நிரல். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் இப்பகுதியில் தமிழ் எழுத்திலேயே அச்சிடுகிறோம்.)

கேள்வி: எண்ணூர்க் கடற்கரையை ஒட்டிய கிணறுகளின் நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி ஆய்வேடு எழுதி வருகிறேன். மூன்றாம் இயலில் உள்ள அட்டவணைக்கு வந்ததும் ‘மிஸ்பிளேஸ்டு நோஅலைன்’ என்று பிழை காட்டி லேடெக் நின்றுவிடுகிறது. அப்படியொரு கட்டளையை நான் எழுதவே இல்லை. தெரிந்தவர்கள் பலருக்கும் ஆய்வேட்டின் எல்லாக் கோப்புகளையும் அனுப்பி, ‘அட்டவணை வரவில்லை, அவசரம், உதவுங்கள்’ என்று கேட்டேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. நான் கேட்ட முறையில் ஏதும் குறை உண்டா?
— ஆய்வு மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் கேள்வியில் மிகவும் பயனுள்ள பகுதி அந்தப் பிழைச் செய்திதான். ஆனால் மற்றவர்களுக்கு அனுப்பிய வரியில் அதை விட்டுவிட்டு, ‘வரவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அட்டவணை பக்கத்தை விட்டு வெளியே நீள்கிறதா, அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறதா, கோப்பே உருவாகவில்லையா என்பதை ‘வரவில்லை’ என்ற சொல்லிலிருந்து யாராலும் அறிய முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஆய்வேடு முழுவதையும் திறந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தம் வேலைக்கு நடுவே உதவ வருகிறவருக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை.

நீங்கள் எழுதாத சொல் செய்தியில் வருவதற்குக் காரணம் உண்டு. டொனால்ட் நூத் 1978-இல் டெக் என்ற அச்சுக்கோவை நிரலை உருவாக்கினார். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் எழுப்பியதே லேடெக். அட்டவணையில் கிடைக்கோடு போட நீங்கள் எழுதும் ‘ஹெச்லைன்’ என்ற லேடெக் கட்டளை, உள்ளே டெக்கின் ‘நோஅலைன்’ கட்டளையை அழைக்கிறது. பிழை அந்த அடித்தளத்தில் நிகழ்வதால் செய்தியும் அடித்தளத்தின் பெயரையே சொல்கிறது. கோடு போடக்கூடாத இடத்தில் கோடு போடச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள்.

இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, ‘ஹெச்லைன்’ கட்டளைக்கு முந்தைய வரிசையின் முடிவில் இரட்டைப் பின்சாய்கோடு விடுபட்டிருக்கலாம். கடைசி வரிசையில் இது அடிக்கடி நேர்கிறது. மற்றொன்று, கடைசி நெடுவரிசையின் எழுத்துகளை நடுவே நிறுத்துவதற்காக, அட்டவணையின் தொடக்கத்தில் நெடுவரிசைகளின் அமைப்பைக் குறிக்கும் இடத்தில் ‘சென்டரிங்’ சேர்த்திருக்கலாம். அப்படிச் சேர்த்தால் இரட்டைப் பின்சாய்கோட்டின் பொருளே மாறி, அது வரிசையை முடிப்பதற்குப் பதிலாகக் கட்டத்துக்குள் வரியை மட்டும் உடைக்கும். அதைத் தொடர்ந்து ‘அர்ரேபேக்ஸ்லாஷ்’ என்ற கட்டளையையும் சேர்த்தால் பழைய பொருள் திரும்பிவிடும். இவ்விரண்டில் உங்களுடையது எது என்பதை என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அட்டவணையின் நிரல் உங்கள் கடிதத்தில் இல்லை. பிழைச் செய்தி ஒன்றாகவே இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம் என்பதால்தான், உதவுகிறவர்கள் செய்தியோடு நிரலையும் கேட்கிறார்கள்.

அதற்காக முழு ஆய்வேட்டையும் அனுப்பத் தேவையில்லை. பிழை எழும் அளவுக்கு மட்டும் ஒரு சிறு கோப்பு போதும். மூலக் கோப்பைத் தொடாமல் நகல் ஒன்று எடுத்து, மற்ற இயல்களை நீக்கி ஓட்டிப் பாருங்கள். பிழை இன்னும் இருந்தால் அந்த இயல்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிறகு அட்டவணைக்குத் தேவையில்லாத பேக்கேஜ்களை, அதாவது லேடெக்கில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணைத் தொகுப்புகளை, ஒவ்வொன்றாக எடுங்கள். அதன்பின் அட்டவணையின் வரிசைகளில் பாதியை நீக்குங்கள். மீண்டும் பாதியை நீக்குங்கள். எதை எடுத்ததும் பிழை மறைகிறதோ அதைத் திரும்பச் சேருங்கள், ஏனென்றால் சிக்கல் அதில்தான் இருக்கிறது. இடையில், லேடெக் ஓடும்போது தானே எழுதிக்கொள்ளும் ‘ஆக்ஸ்’ போன்ற துணைக் கோப்புகளை அழித்துவிட்டு ஓட்டுவதும் நல்லது, ஏனென்றால் முந்தைய ஓட்டத்தில் எழுதப்பட்ட பிழையான வரி அவற்றில் தங்கி, நிரலைத் திருத்திய பிறகும் தொல்லை கொடுப்பதுண்டு.

கடைசியில் ‘டாக்குமென்ட்கிளாஸ்’ வரி, தேவையான ஓரிரு பேக்கேஜ்கள், ‘பிகின் டாக்குமென்ட்’, இரண்டு கிணறுகளின் அளவுகள் மட்டும் உள்ள அட்டவணை, ‘எண்ட் டாக்குமென்ட்’ ஆகியவை எஞ்சினால் அதுவே நீங்கள் அனுப்ப வேண்டிய கோப்பு. அட்டவணையை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். மேலே உள்ள வரிகள் இல்லாவிட்டால் உதவுகிறவர் தாமாக எதையோ சேர்த்து ஓட்டுவார். அவருக்குப் பிழையே வராமல் போகலாம். அந்தக் கோப்புடன், ஓட்டத்தின் செய்திகள் எல்லாம் பதிவாகும் லாக் கோப்பிலிருந்து ஆச்சரியக்குறியுடன் தொடங்கும் முதல் பிழையையும், அதன் கீழே ‘எல்’ என்ற எழுத்தோடு வரும் வரி எண்ணையும் மாற்றாமல் ஒட்டுங்கள். முதல் பிழையே முக்கியம். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவாக எழுபவை. இந்தச் சுருக்கும் வேலையிலேயே விடுபட்ட பின்சாய்கோடு கண்ணில் பட்டுவிடும் வாய்ப்பு மிகுதி என்பதால், யாரையும் கேட்கும் முன் இதைச் செய்யும்படி வற்புறுத்துகிறேன்.

கேள்வி: ராயபுரத்தில் அச்சுக்கோவை நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். நூலாசிரியரின் கையெழுத்துப் படியை வெளியாருக்குக் காட்டக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். பிறகு எப்படி மாதிரிக் கோப்பு அனுப்புவது?
— வாசகர், ராயபுரம்

பதில்: ஒப்பந்தத்தை மீறாமலே அனுப்பலாம். பிழை பெரும்பாலும் உரையின் பொருளில் இருப்பதில்லை, அமைப்பில்தான் இருக்கும். உரைக்குப் பதிலாக ‘லிப்சம்’ பேக்கேஜ் தரும் நிரப்பு உரையைப் பயன்படுத்துங்கள். படங்கள் தேவையென்றால் ‘எம்டபிள்யூஇ’ என்ற பேக்கேஜுடன் வரும் மாதிரிப் படங்கள் இருக்கின்றன. நூற்பட்டியலில் சிக்கல் என்றால் ‘ஃபைல்கன்டென்ட்ஸ்’ சூழலுக்குள் கற்பனையான ஓரிரு பதிவுகளை எழுதி, அதே கோப்புக்குள் வைத்துவிடலாம். ஆனால் லிப்சம் தருவது இலத்தீன் எழுத்து. தமிழ் உரை சார்ந்த சிக்கலுக்கு அது உதவாது, நீங்களே இரண்டு தமிழ் வாக்கியங்களை எழுதிக்கொள்ள வேண்டும்.

நூலின் வடிவமைப்பை வரையறுக்கும், பதிப்பகம் தந்த கிளாஸ் கோப்பைப் பகிர இயலாதென்றால், அதை எடுத்துவிட்டு லேடெக்குடன் வரும் ‘ஆர்ட்டிகிள்’ கிளாஸில் அதே பகுதியை ஓட்டிப் பாருங்கள். அங்கும் பிழை வந்தால் அந்த மாதிரியை யாருக்கும் அனுப்பலாம். வராவிட்டால் பிழை பதிப்பகத்தின் கிளாஸ் கோப்பைச் சார்ந்தது என்று கொண்டு, அதை உருவாக்கியவர்களிடமே கேட்பதுதான் முறை.

கேள்வி: பள்ளி ஆண்டு மலரை லேடெக்கில் வடிவமைக்கிறேன். தலைப்புகளில் தமிழ் எழுத்துகள் மறைந்துவிடுகின்றன. உள்ளே ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கிறது. திரையைப் படம் பிடித்து அனுப்பியும் நிரலைக் கேட்கிறார்கள். படத்திலேயே எல்லாம் தெரிகிறதே?
— தமிழாசிரியர், பெரம்பூர்

பதில்: கொம்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதைக் காட்டப் படம் தேவை, அதை அனுப்பியது சரியே. ஆனால் படத்தில் உள்ள நிரலை ஓட்டிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு வரியையும் தட்டச்சு செய்தாக வேண்டும். ஆகவே இரண்டையும் அனுப்புங்கள்.

தமிழ் சார்ந்த கேள்வியில் மூன்று விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். லேடெக்கின் வகைகளான பிடிஎஃப்லேடெக், ஸீலேடெக், லுவாலேடெக் ஆகியவற்றில் எதை ஓட்டுகிறீர்கள் என்பது முதலாவது. எழுத்துருவின் பெயரும் அதை அழைத்த வரியும் இரண்டாவது. ஸீலேடெக்கில் அந்த வரியில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று குறிப்பிடாவிட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கக்கூடும். தலைப்புகளுக்கு வேறு எழுத்துரு அமைந்து, அதில் தமிழ் எழுத்துகள் இல்லையென்றால் அங்கே வெற்றிடம் விழும். லேடெக் நிற்காமல் ஓடி முடிந்திருந்தாலும், ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்ற குறிப்பு லாக் கோப்பில் இருக்கும். அந்த வரியை ஒட்டினாலே பாதி விடை கிடைத்துவிடும். மூன்றாவது, உரை யூனிகோடில் உள்ளதா, பாமினி போன்ற பழைய முறையில் தட்டச்சானதா என்பது. ஜெராக்ஸ் கடையில் அடித்து வாங்கிய கட்டுரைகள் மலரில் இருந்தால் இதைத் தவறாமல் பாருங்கள், ஏனென்றால் பாமினி எழுத்துருவில் தமிழாகத் தெரிவது கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

கேள்வி: லேடெக் அறிந்தவர்கள் ஆங்கிலத்தில் கேட்டால்தான் பதில் தருகிறார்கள். எனக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதால் கேட்காமலே இருந்துவிடுகிறேன்.
— மாணவர், கொருக்குப்பேட்டை

பதில்: தயங்காமல் கேளுங்கள். ஓட்டினால் அதே பிழையைக் காட்டும் சிறு கோப்பு இருந்தால் உலகில் எவருக்கும் உங்கள் சிக்கல் புரிந்துவிடும். அதன் மேல் எழுத வேண்டியவை, நான் விரும்பியது இது, கிடைப்பது இது, என்னிடம் உள்ள பதிப்பு இது என்ற மூன்று சிறு வாக்கியங்களே. ‘லிஸ்ட்ஃபைல்ஸ்’ கட்டளையை முதல் வரியில் சேர்த்தால் பேக்கேஜ்களின் பதிப்பு விவரம் லாக் கோப்பில் பட்டியலாக வந்துவிடும்.

விரும்பியது எது என்ற வாக்கியத்தை மட்டும் நிதானமாக எழுதுங்கள். ‘படத்துக்கு முன்னால் பத்து வெற்று வரிகள் விடுவது எப்படி?’ என்று கேட்டால் அதற்கு மட்டுமே விடை வரும். ‘இந்தப் படம் இந்தப் பத்திக்கு அருகிலேயே நிற்க வேண்டும்’ என்று எழுதினால், வெற்று வரிகளே தேவைப்படாத வழியைச் சொல்வார்கள். விடை பலித்ததும் எந்தக் கட்டளை பலித்தது என்று அவருக்கு எழுதிவிடுங்கள். அடுத்த ஐயம் எழுந்தால் அதற்குத் தனியே ஒரு சிறு கோப்புடன் புதிதாகக் கேளுங்கள்.