அமுனை வளர்த்தது யார்?

கேள்வி: பழைய எகிப்தில் ஊர்த் தெய்வமாக இருந்த அமுன் நாட்டுக்கே தலைமைக் கடவுள் ஆனது பூசாரிகளின் தந்திரத்தால்தான் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். சரிதானா?

பதில்: சொற்பொழிவாளர் கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். பூசாரிகள் அறுவடை செய்தது உண்மை. விதைத்தவர்கள் ராஜாக்கள்.

கி.மு. 2350 வாக்கில் உனாஸ் மன்னரின் பிரமிடுச் சுவர்களில் அமுன் பெயர் இருக்கிறது, பல தெய்வங்களில் ஒன்றாக. தீப்ஸ் வட்டாரத்தில் (இன்றைய லக்சர்) அன்று பெரிய சாமி போர்க்கடவுள் மொன்து. 11-ஆம் வம்ச மன்னர்கள் பலர் மென்துஹோதெப் என்று அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். கி.மு. 1990 அளவில் அமெனெம்ஹத் அரியணை ஏறியபோது ராஜாவின் பெயரிலேயே அமுன் வந்து உட்கார்ந்துவிட்டார். மகன் செனுஸ்ரெத் தீப்ஸின் கர்நாக் கோயிலில் அமுனுக்குக் கட்டடங்கள் எழுப்பினார்.

பெரிய பாய்ச்சல் கி.மு. 1550-ஐ ஒட்டி. வடக்கை ஆண்ட ஹிக்ஸோஸ்களை தீப்ஸ் மன்னர் அஹ்மோஸ் விரட்டினார். ஜெயித்தவர் ஊர்ச் சாமிக்கு மவுசு கூடாதா? வடக்கே செல்வாக்கோடு இருந்த சூரியக் கடவுள் ரா-வோடும் சண்டை இல்லை. இருவரையும் சேர்த்து அமுன்-ரா என்று கும்பிட்டார்கள். அப்புறம் ஹத்ஷெப்சுத். பெண் எப்படி பாரோ (எகிப்தின் அரசர்) ஆகலாம் என்ற கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது. என் அப்பாவே அமுன்தான் என்று தெய்ர் எல்-பஹ்ரி கோயில் சுவரில் செதுக்கி வைத்தார். அடுத்து வந்த மூன்றாம் துத்மோஸ் போர்க் கொள்ளையைக் கர்நாக்கில் கொட்டினார்.

பூசாரிகள் அவ்வளவு வல்லவர்கள் என்றால், ஆதென் என்ற சூரிய வட்டத்தைக் கும்பிட்ட பாரோ அக்நாதென், அமுனின் பெயரையே கல்வெட்டுகளிலிருந்து கொத்தி எடுத்தும் மொத்தம் சுமார் 17 ஆண்டுகள் ஆண்டது எப்படி? வழிபாடு திரும்பியதும் அரச ஆணையால்தான். சிறுவன் மன்னர் துதன்காதென், பெயரில் ஆதென் போய் அமுன் வந்து, துதன்காமுன் ஆனது அப்போதுதான்.

மூன்றாம் ராம்சேஸ் இறந்தபோது எழுதப்பட்ட, 40 மீட்டருக்கு மேல் நீளும் பாப்பிரஸ் சுருள் ஒன்று இருக்கிறது. அதன்படி தீப்ஸ் அமுனின் சொத்தில் 86,000-க்கும் மேற்பட்ட ஆட்கள், 4 லட்சத்தைத் தாண்டிய கால்நடைகள், 65 ஊர்கள். இவ்வளவும் கையில் இருக்க, அரசும் தளர, கி.மு. 1080 வாக்கில் தலைமைப் பூசாரி ஹெரிஹோர் கர்நாக்கில் தன் பெயரை அரசர்களுக்கே உரிய வளையத்துக்குள் செதுக்கிக்கொண்டார். உங்கள் சொற்பொழிவாளர் கதையைத் தொடங்கும் இடம் இது.

அதற்குப் பிறகும் அமுனுக்கு ராஜாக்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கி.மு. 331-இல் அலெக்சாந்தர் பாலைவனம் கடந்து சீவா சோலைக்குப் போய் அமுனிடம் குறி கேட்டார். அங்கிருந்த பூசாரி அவரைக் கடவுளின் மகன் என்று அழைத்ததாகப் பழைய கிரேக்க எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். பூசாரிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேடிக்கொண்டு போனவர் ராஜா.