ஆறு வருடச் சோர்வுக்கு எந்த சிகிச்சை?

ஆறு வருடமாக மனம் சோர்ந்தே கிடக்கிறது, காலையில் கண் விழித்ததுமே படபடப்பு, சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) போவதா இல்லை சின்ன வயது வரை தோண்டிப் பேசும் சிகிச்சையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை, இரண்டிலும் உட்கார்ந்து எழுந்தவன், அவ்வளவுதான்.

முதலில் தைராய்டு பார்த்துவிடுங்கள், அது குறைந்தாலும் இதே சோர்வு வரும்.

படபடப்பு தூக்கலாக இருந்தால் நான் சிபிடியைத்தான் சொல்வேன். 1960களில் ஆரன் பெக் தொடங்கி வைத்தது, பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வில் முடியும், நோட்டில் எழுதும் வீட்டுப்பாடம் உண்டு. எனக்கு அந்த நோட்டை எடுக்கவே கை வராது, திட்டு வாங்கப்போகும் பள்ளிப் பையன் மாதிரி அமர்வுக்குப் போவேன். அப்புறம் எனக்கு சிகிச்சை தந்த அம்மா நோட்டை மூடிவைத்துவிட்டு, தினமும் காலையில் பத்து நிமிடம் நடை, ஒருவருக்கு ஃபோன், இது மட்டும் போதும் என்றார். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யச் செய்ய மனசு பின்னால் வரும் என்கிற முறை அது. எனக்குப் பிடி கிடைத்தது அதில்தான்.

தோண்டிப் பேசுவது, ஒரே மாதிரி உறவுச் சிக்கலில் திரும்பத் திரும்ப விழுகிறவர்களுக்கு. மாதக்கணக்கில் ஆகும், செலவும்தான்.

ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாலைந்து அமர்விலும் ஒட்டவில்லையா, ஆளை மாற்றுங்கள். இத்தனை வருடம் நீண்ட சோர்வுக்கு மாத்திரையும் சேர்ந்தால் பலன் கூடலாம், அதை மனநல மருத்துவரிடம் கேளுங்கள். காசு இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி தாங்கவே முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.