அந்த 7-ம் 1-ம் எங்கிருந்து வந்தன?

பினாங்கிலிருந்து பல்கலைக்கழக முதலாண்டு மாணவி ஒருவர் கேட்கிறார்: "எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது எக்ஸ்²-இன் எல்லை 9 என்று நிறுவ, விரிவுரையாளர் எடுத்த எடுப்பில் 'டெல்டா = 1, எப்சிலான்/7 இரண்டில் சிறியது' என்று எழுதிவிட்டார். இதை மனப்பாடம் செய்வதா?"

வேண்டாம் தங்கை. அவர் காட்டியது நல்ல தாளை. கிறுக்கிப் பார்த்த தாளைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முதலில், யார் முந்திப் பேசுவது? லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறீர்கள். "கால் அங்குலத்துக்கு மேல் பிசகக் கூடாது" என்று நீங்கள் சொன்ன பிறகுதான், எவ்வளவு கவனமாக வெட்டுவது என்று தையல்காரர் முடிவு செய்வார். உங்கள் கால் அங்குலம் எப்சிலான்: எக்ஸ்², 9-இலிருந்து எவ்வளவு பிசகலாம் என்பது. அவருடைய வெட்டுக் கணக்கு டெல்டா: அதற்காக எக்ஸை 3-க்கு எவ்வளவு அருகில் வைப்பது என்பது. நீங்கள் எவ்வளவு கறாராகக் கேட்டாலும் அவர் ஈடுகொடுக்க வேண்டும்.

இனி கிறுக்கல் தாள். |எக்ஸ்² − 9| = |எக்ஸ் − 3| × |எக்ஸ் + 3|. முதல் காரணி நம் பிடியில் இருக்கிறது. இரண்டாவதுதான் எக்ஸ் போகும் போக்கில் வளர்ந்துகொண்டே போகும். அதற்கு ஒரு வேலி போடுகிறோம்: எக்ஸ், 3-இலிருந்து 1-ஐவிடக் குறைவாகவே விலகும். அப்போது எக்ஸ் 2-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும். எக்ஸ் + 3, 7-ஐ எட்டாது. ஆக, 1 நாமாக வைத்தது, 7 அதனால் வந்தது. பெருக்கல் 7 × |எக்ஸ் − 3|-ஐத் தாண்டாது; அது எப்சிலானுக்குள் அடங்க |எக்ஸ் − 3| எப்சிலான்/7-க்குள் இருந்தால் போதும். வேலியும் இதுவும் சேர்ந்து நிற்க, இரண்டில் சிறியதை எடுக்கிறோம். வேலியை ½ என்று வைத்தால் 7-க்குப் பதில் 6.5 வரும், அதுவும் சரியே.

வேலி இல்லாவிட்டால்? எப்சிலான் 70 என்று கேட்கிறார்கள்; டெல்டா 70/7, அதாவது 10 என்கிறீர்கள். எக்ஸ் = 12 உள்ளே வந்துவிடும். 144 − 9 = 135. போச்சு!

அப்புறம் நல்ல தாளில் தலைகீழாக எழுதுங்கள்: எப்சிலானைப் பெறு, டெல்டாவை அறிவி, 7 × எப்சிலான்/7 என்று முடி. ஜெர்மானியக் கணித அறிஞர் வையர்ஸ்ட்ராஸ் பெர்லினில் 1861-இல் இந்த நடையில் பாடம் நடத்தியபோது, நுண்கணிதம் பிறந்து இருநூறு ஆண்டுகள் ஆகப்போயிருந்தன. உங்களுக்கு ஒரு வாரத்தில் பிடிபடாததில் வியப்பில்லை.

எக்ஸ்² ஒவ்வொரு புள்ளியிலும் தாவாமல் தொடர்ச்சியாகப் போகிறது என்று நிறுவவும் இதே வழிதான். ஆனால் 3-க்குக் கண்ட டெல்டாவை 100-க்குக் கொண்டுபோகாதீர்கள். எப்சிலான் 0.07 என்றால் 3-இல் 0.01 போதும். 100-இலோ, எக்ஸ் 0.005 நகர்ந்தாலே எக்ஸ்² ஒன்றுக்கு மேல் நகர்ந்துவிடும். அங்கே 7 இருந்த இடத்தில் 201 வர வேண்டும்; ஏன் என்று அதே வேலியைப் போட்டுப் பாருங்கள்.